நத்தைகளுக்குப் பொட்டு வைத்த மழைக்காலம்

விலங்கியல் இரண்டாம் ஆண்டில் எனக்கு வாய்த்த களப்பணி, நத்தைகளின் தொகையைக் கணிப்பது. மழை பிடித்துவிட்டால் போதும், மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பூங்கா மதிலெல்லாம் நத்தைதான். முதல் ஞாயிறு நாற்பதைப் பிடித்து, ஓட்டில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்து விட்டுவிட வேண்டும். அடுத்த ஞாயிறு ஐம்பதைப் பிடித்து, எத்தனையில் பொட்டு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குறைவாக இருந்தால் பூங்காவில் நத்தை ஏராளம் என்று அர்த்தம். இதில் தேறினால்தான் டிசம்பரில் காட்டு முகாம். அந்த முகாமுக்காகவே இந்தப் பாடத்தை எடுத்தவள் நான்.

"ஏட்டி, நத்தய எண்ணவா ஒன்னய காலேஜுக்கு அனுப்புனேன்?" என்றார் அப்பா. தாராவியில் ஒரு தோல்பைப் பட்டறையில் விளிம்புக்குச் சாயம் தீட்டுகிறவர். நான் சிரித்துக்கொண்டே சிவப்பு நகப்பூச்சைத் திறந்தேன்.

இரண்டாம் ஞாயிறு ஐம்பதையும் வாளியில் போட்டு எண்ணினேன். நாற்பத்தேழில் பொட்டு! நான் வைத்ததே நாற்பதுதானே? மூன்று முறை எண்ணியும் அதே நாற்பத்தேழு. மறுநாள் அறிக்கை கொடுக்க வேண்டும். ஆனாலும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. வாளியோடு வீட்டுக்கு ஓடி நகப்பூச்சுப் புட்டியைப் பார்த்தால், காலி.

"யப்பா, நீங்களா வச்சிய?"

"நாப்பதே நாப்பது வச்சா எப்படிட்டி பாஸாவ? வேலைக்குப் போம்போது கண்ணுல பட்டதுக்கெல்லாம் ஒண்ணு வச்சேன். நீ வச்சதத் தொடல."

எத்தனை என்று அவர் எண்ணவில்லை. கோபத்தில் வாளியைத் தரையில் கவிழ்த்தேன். நத்தைகள் நாலாபக்கமும் நகர, அப்போதுதான் கவனித்தேன். என் பொட்டுகள் கோணல்மாணலாக அப்பிக் கிடந்தன. அப்பாவுடையவை அச்சு வார்த்த மாதிரி வட்டம். பட்டறைக் கை சும்மாவா! பிரித்து எண்ணினேன். வட்டம் முப்பத்தைந்து, கோணல் பன்னிரண்டு. வட்டத்தையெல்லாம் பொட்டில்லாத கணக்கில் சேர்த்தேன். நாற்பதை ஐம்பதால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால், பூங்காவில் ஏறக்குறைய நூற்று அறுபத்தேழு நத்தைகள். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் "க்யா ஹுவா?" என்று, என்ன ஆச்சோ என ஓடி வந்தார்.

நடந்ததை ஒன்று விடாமல் அறிக்கையில் எழுதினேன். ஆசிரியை படித்துப் படித்துச் சிரித்தார். முகாம் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் பொட்டு வைத்ததில் சிக்கிய முப்பத்தைந்தையும் பொட்டில்லாததாக எண்ணிவிட்டேன் என்றதும் அவர் முகம் வாடிப்போனது. எனக்குத் தாங்கவில்லை. திரும்பி வந்த அறிக்கையில், உதவியவர் என்ற இடத்தில் 'என் அப்பா' என்று எழுதியிருந்ததைக் காட்டினேன். அந்த வரியின் மேல் விரலை வைத்து எழுத்தெழுத்தாக ஓட்டினார்.

"காட்டுக்கு எத்தன நாளுட்டி?"

"அஞ்சு நாளுப்பா."

"பட்டறைல லீவு கேட்டா குடுப்பாங்க" என்றார்.