டிரங்க் கால் ரத்னாவின் நூறு ஷேர்

ஸ்ரீபெரும்புதூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ரத்னா டிரங்க் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டியவர்கள் அவளிடம் நம்பரைப் பதிந்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஒவ்வொரு காலுக்கும் ஒரு டிக்கெட் எழுதிவைத்து, லைன் கிடைத்ததும் இணைத்துவிடுவாள். பதினோரு வருஷமாக அதே நாற்காலி.

எண்பத்தாறாம் வருஷம் மே மாதம், வல்லத்தில் அவள் அப்பா விட்டுப்போன நிலம் விலைபோய், அவள் பங்குக்கு எட்டாயிரம் ரூபாய் வந்தது. ஷேர் பேச்சு சூடாக இருந்த நேரம் அது. எக்ஸ்சேஞ்சிலேயே மூன்று பேர் வாங்கியிருந்தார்கள். லாரிக்கு அச்சு செய்கிற கம்பெனி ஒன்றின் பங்கை, எண்பது ரூபாய் வீதம் நூறு வாங்கிவிட்டாள். அவள் புருஷன் ரகுபதி ஒரு வார்ப்படப் பட்டறையில் ஃபிட்டர். ஷேர் என்றாலே சூதாட்டம் என்பவர். அவரிடம் போஸ்டாபீசில் போட்டிருப்பதாகச் சொன்னாள். ஏறினபிறகு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

ஏறவில்லை. அடுத்த பொங்கலுக்கு ஐம்பத்தைந்தில் நின்றது. அந்த வருஷம் மழையும் பொய்த்தது. ஏரி வெடித்துக் கிடந்தது. தீபாவளிக்கு முப்பத்தெட்டு. கூட வாங்கிய மூன்று பேரும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். ரத்னா மட்டும் ஆபீசுக்கு வரும் பேப்பரில் விலைப் பக்கத்தைத் தினமும் பார்த்துவிட்டு மடித்துவைப்பாள்.

எண்பத்தெட்டு ஜனவரியில் ரகுபதியின் பட்டறையில் ஆர்டர் இல்லை என்று லே-ஆஃப் கொடுத்தார்கள். இரண்டு வாரம் சும்மா இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் சொன்னார்.

"ஒரகடத்துல ஒருத்தர் பழைய லேத் மிஷின் விக்கிறாராம். ஏழாயிரம் கேக்குறாரு. போஸ்டாபீஸ் பணத்தை எடுத்துடு. வூட்டாண்டயே கொட்டாய் போட்டு ஓட்டிக்கிறேன்."

ரத்னா எச்சில் தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அது போஸ்டாபீஸ்ல இல்லைங்க."

"பின்ன?"

"ஷேர் வாங்கிட்டேன். எண்பதுக்கு வாங்கினது. இப்போ முப்பத்தொண்ணு."

அவர் கத்தவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பினார்.

"நாளைக்கே வித்துடு. மூவாயிரமாவது மிஞ்சும்."

"ஜூன் வரைக்கும் பொறுங்க."

"பொறுத்தா இன்னா ஆவும்?"

அவள் ஒரு சின்ன நோட்டை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். இங்கிருக்கிற ஐந்து தொழிற்சாலைகள் ஜாம்ஷெட்பூருக்கும் பிலாய்க்கும் எத்தனை கால் போட்டன என்று நாள்வாரியாக எழுதியிருந்தது. இரண்டும் இரும்பாலை ஊர்கள், அங்கே கால் போடுகிறவன் இரும்பு வாங்குகிறவன்தான். ஷேர் விலை உச்சத்தில் இருந்தபோது வாரத்துக்கு முப்பது கால். போன தீபாவளிக்கு ஏழு. இந்த ஜனவரியில் பதினொன்று, பிறகு பதிமூன்று.

"இரும்பு வாங்கறாங்கன்னா வேலை வரப்போவுதுன்னு அர்த்தம். வேலை வந்தா லாரி ஓடும். பேப்பருக்கு இது இன்னும் தெரியலைங்க."

ரகுபதி நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "எங்கிட்ட மறைச்சிட்டியே" என்று மட்டும் சொன்னார். பிறகு, "ஜூன் முப்பது. அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

பிப்ரவரி கடைசியில் பட்ஜெட் வந்தது. விலை இறங்கிக்கொண்டேதான் போனது. மார்ச் முடிவில் இருபத்து மூன்று. நோட்டில் வாரத்துக்குப் பதினெட்டு கால் என்று இருந்தது. ஏன் இரண்டும் எதிரெதிராகப் போகின்றன என்று அவளுக்குப் புரியவில்லை. தன் கணக்கே தப்போ என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை. வீட்டில் ரகுபதி விலையைக் கேட்பதே இல்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஏப்ரலில் ஒரு நாள் சூப்பர்வைசர் சூசைராஜ் அவளைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். மேசைமேல், அவள் ஆபீஸ் டிராயரில் வைத்திருந்த அந்த நோட்டு.

"எந்தக் கம்பெனி எங்கே பேசுதுன்னு தேதி போட்டு எழுதியிருக்கே. இதை யாருக்கும்மா கொடுக்கறே?"

"யாருக்கும் இல்லை சார். எனக்குத்தான்."

"உனக்கு எதுக்கு?"

நிலம் விற்ற பணத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"லைன்ல அவங்க பேசினதைக் கேட்டியா?"

"இல்லை சார். எண்ணினேன். அவ்வளவுதான்."

சூசைராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் நம்பறேன். என் கையில கிடைச்சிருந்தா கிழிச்சுப் போட்டிருப்பேன். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் கையில கிடைச்சுப்போச்சு. மெமோ வரும். வேலைக்கே ஆபத்து, சொல்லிட்டேன்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்த உடனே ரகுபதியிடம் சொல்லிவிட்டாள். இந்தத் தடவை ஒரு மணி நேரம்கூட மறைக்கவில்லை. வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் அவளுடையது. அதுவும் போனால் என்ன செய்வது என்று இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. விளக்கக் கடிதம் எழுத அவள் உட்கார்ந்தபோது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நடந்ததை அப்படியே எழுது. ஒண்ணு மறைச்சா அப்புறம் இன்னொண்ணு மறைக்கணும்."

பதில் வர ஆறு வாரம் ஆனது. தபால்காரர் எக்ஸ்சேஞ்ச் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதெல்லாம் அவள் கண் போர்டை விட்டு வாசலுக்குப் போய்விடும். ஒரு தடவை காஞ்சிபுரம் காலை வேறு நம்பருக்கு இணைத்துவிட்டாள். நோட்டு போய்விட்டது. எண்ணக்கூடாது என்று மனசுக்குள்ளும் கட்டளை. இனி விலைப் பக்கம் மட்டும்தான்.

மே கடைசியில் தீர்ப்பு வந்தது. ஒரு வருஷ இன்கிரிமென்ட் நிறுத்தம், கடுமையான எச்சரிக்கை. வேலை தப்பியது. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்து ஹெட்போனை மாட்டினாள். அன்றைய விலை முப்பத்து நான்கு.

ஜூனில் வடக்கே நல்ல மழை என்று பேப்பரில் வந்தது. ஒரகடத்து லேத்தை வேறு யாரோ வாங்கிப்போய்விட்டார்கள். ஜூன் முப்பதாம் தேதி விலை நாற்பத்தொன்று. சொன்ன வாக்குப்படி விற்பதற்கான பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்துவைத்துக்கொண்டு ரகுபதிக்காகக் காத்திருந்தாள். அவர் கைகால்கூடக் கழுவாமல் உள்ளே வந்தார்.

"ஜாம்ஷெட்பூர் காலெல்லாம் ஜாஸ்தியா?"

"நான்தான் எண்ணறதில்லையே."

"ஜாஸ்தியாத்தான் இருக்கும். பட்டறை வாசல்ல லோடு லோடா இரும்பு எறங்கிக்கினு கீது. திங்கக்கிழமைலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க. ஓவர்டைமும் உண்டாம்." பத்திரத்தைப் பார்த்தார். "அதை உள்ள வை."

அதற்குப்பிறகு தினமும் வேலையிலிருந்து வந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கு எவ்ளோ?" ஆகஸ்டில் ஐம்பத்து மூன்று. ஆயுதபூஜைக்கு எழுபத்திரண்டு. இன்னும் ஏறும் என்று ரத்னாவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஆனாலும் அன்றைக்கே விற்கக் கொடுத்துவிட்டாள்.

"ஏன், இன்னும் கொஞ்சம் பாக்கலாமே" என்றார் ரகுபதி.

"நீங்க பாக்கலாம். என்னால முடியாதுங்க. ரெண்டு வருஷமா ஒரு வாய் நிம்மதியா சாப்பிடலை."

போட்டதில் எண்ணூறு நஷ்டம், இன்கிரிமென்ட் போனது தனி. விற்று வந்த பணத்தில் சிங்கப்பெருமாள் கோவில் ஊர்ப் பக்கம் ஒரு பழைய லேத் கிடைத்தது. ரகுபதி ஷிப்ட் முடிந்து வந்து அதில் வெளி வேலை எடுத்துச் செய்தார். மறு வருஷம் அந்தப் பங்கு நூற்றுப் பத்தைத் தாண்டியதைப் பேப்பரில் பார்த்துவிட்டு அவர்தான் அவளிடம் சொன்னார். ரத்னா கேட்டுக்கொண்டாள். மணி ஒன்றரை ஆகியிருந்தது, இரண்டு மணி டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.