மருத்துவிச்சி வாங்கிய கார்

அந்தப் பிள்ளை இறந்து பிறந்ததற்கு வாடகைக் கார்தான் காரணம் என்று நான் எவருக்கும் சொன்னதில்லை. கார் நேரத்துக்கு வந்திருந்தாலும் அது தப்பியிருக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நடந்தது இவ்வளவுதான். தாய்க்கு முதல்நாள் பின்னேரம் தொடங்கிய பிரசவ நோ விடியும்வரை முன்னேறவில்லை. காலை ஆறு மணிக்குச் சந்தியில் நிற்கும் காருக்கு ஆள் அனுப்பினேன். சாரதி ஆயத்தமாகத்தான் இருந்தார். கார் ஆயத்தமாக இல்லை. பற்றரி இறங்கிவிட்டது. ஐந்தாறு பேர் சேர்ந்து தள்ளினார்கள். மழை பெய்த களிமண் றோட்டில் அது நாலு முழம் உருண்டு புதைந்துகொண்டது. கடைசியில் மாட்டுவண்டில் கட்டிக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இரண்டரை மணித்தியாலம் சென்றது. தாய் பிழைத்தாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் குடியேற்றத் திட்டம் ஒன்றில் நான் அரசாங்க மருத்துவிச்சியாக இருந்தேன்; எல்லாருக்கும் நான் 'மிஸ்ஸி'. என் கணவர் தென்மராட்சியிலிருந்து வந்து அங்கே மூன்று ஏக்கர் வயலும் ஒரு மேட்டுக்காணியும் பெற்றவர். வீடுகள் வாய்க்காலை ஒட்டி ஒன்றுக்கொன்று எட்டத்தில் இருந்தன. என் கையிலிருந்தது ஒரு சைக்கிள். அதன் பின்னால் என் மருந்துப் பெட்டியைக் கட்டலாம். பிள்ளைத்தாச்சியைக் கட்ட முடியாது.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுக் கணவரிடம் சொன்னேன்.

"நாங்கள் ஒரு கார் வாங்குவம்."

அவர் சிரிக்கவில்லை. இரண்டு போகம் நன்றாக விளைந்திருந்தது. அவர் மனத்திலும் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

"ஆர் ஓடுறது?" என்று கேட்டார்.

"நான்."

"நீரோ?" என்றார். பிறகு வயலுக்குப் போய்விட்டார். அதுதான் அவர் சம்மதம் சொல்லும் முறை.

புதுக் கார் இறக்குமதி அநேகமாக நின்றுபோயிருந்த காலம். ஒருவர் ஓடிய காரைத்தான் இன்னொருவர் வாங்க வேண்டும். ஆகவே கேள்வி எது அழகான கார் என்பதல்ல, எது ஏமாற்றாத கார் என்பதே. கார்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எனக்கு எது தேவை என்று தெரிந்திருந்தது. இரவு முழுக்க நின்று ஆறிக் கிடக்கும் கார், விடியற்காலையில், வேறு எவருடைய உதவியும் இல்லாமல் எனக்கு ஸ்ராட் ஆக வேண்டும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

முதலில் பரந்தனில் ஒரு லொறி முதலாளியின் கார். கறுப்பு நிறம், பெரிய உடம்பு, தோல் இருக்கை. முதலாளி ஒரு பொத்தானை அமத்தினார். எஞ்சின் பூனை உறுமுவதுபோல் உறுமியது. என் கணவர் காரைச் சுற்றி இரண்டுதரம் நடந்தார். பின்பெட்டியைத் திறந்து, இரண்டு மூட்டை நெல் வைக்கலாம் என்று கையால் அளந்து பார்த்தார். அவருக்கு அந்தக் கார் பிடித்துவிட்டது என்று எனக்கு விளங்கியது.

"அண்ணை, நாளைக்குக் காலமை முதல் பஸ்ஸில வாறன். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடவேண்டாம். நான் வந்துதான் ஸ்ராட் எடுப்பன்" என்றேன்.

"அதுக்கென்ன தங்கச்சி, வாங்கோ" என்றார் முதலாளி.

மறுநாள் காலை போனோம். மார்கழி மாதம். வேலிக் கதியால்களில் பனி ஈரம் இருந்தது. நான் காருக்குள் ஏறுமுன் எஞ்சின் மூடியில் கையை வைத்தேன். சூடாக இருந்தது.

முதலாளி என் கையைப் பார்த்தார். "காலமை வெயில்தானே" என்றார்.

காரின் கூரையையும் தொட்டுப் பார்த்தேன். அது குளிர்ந்திருந்தது.  "போட்டு வாறம் அண்ணை" என்று சொல்லிவிட்டு றோட்டுக்கு வந்தோம். என் கணவர் பஸ் வரும்வரை அந்தக் கார் நின்ற பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாவது கார் முல்லைத்தீவில். ஒரு மீன் வியாபாரி, கத்தோலிக்கர், கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. காரை வெளியே கொண்டுவரவே அவர் அவசரப்படவில்லை. முதலில் தேத்தண்ணி தந்தார். எதற்குக் கார் என்று கேட்டார். சொன்னேன்.  பிறகு எங்களைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பின்கதவைத் திறந்து, காலடியில் விரித்திருந்த சாக்கைத் தூக்கினார். கீழே ஒரு சாண் அகல ஓட்டை. அதற்குள்ளால் கடற்கரை மணல் தெரிந்தது.

"மிஸ்ஸி, உப்புக்காத்து இதின்ர அடியைத் திண்டுபோட்டுது. வேற ஆரும் எண்டால் வித்திருப்பன். பிள்ளைப்பெறு காரியத்துக்கு இது சரிவராது."

அவரிடம் ஒரு கூடை மீன் வாங்கிக்கொண்டு திரும்பினோம். அந்த மாதம் நான் சந்தித்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான். அவருடைய கார் அவரைப்போல் இருக்கவில்லை.

மூன்றாவது வவுனியாவில், ஓய்வுபெற்ற ஒரு தபால் அதிபருடையது. சிறிய சாம்பல் நிறக் கார். ஒரு பக்கக் கண்ணாடி முழுதாக ஏறாது. அவர் முதல் வார்த்தையிலேயே குறையைச் சொன்னார்.

"பொத்தான் வேலை செய்யாது. ரெண்டு வருஷமாச்சு. முன்பக்கத்தில ஹான்டில் போட்டுச் சுத்தித்தான் எடுக்கவேணும். மற்றப்படி ஒரு நாளும் என்னை நடக்க விட்டதில்லை."

அன்றிரவு வவுனியாவில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கினோம். விடிய எழும்பிப் போய் எஞ்சின் மூடியில் கை வைத்தேன். குளிர்ந்திருந்தது. நானே சுற்றிப் பார்க்கிறேன் என்றேன். தபால் அதிபர் என் கணவரைப் பார்த்தார். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"பெருவிரலை மற்ற விரலோட சேர்த்துப் பிடியுங்கோ, பிள்ளை. சுத்திப் பிடிச்சால், திருப்பி அடிச்சு முறிச்சுப்போடும்" என்றார் தபால் அதிபர்.

மூன்று தரம் சுற்றினேன். ஒன்றுமில்லை. நாலாம் தரம் ஹான்டில் கையை விட்டுத் துள்ளியது. கார் முழுவதும் நடுங்கிக்கொண்டு எழும்பியது. என் தோள்மூட்டு நொந்தது. ஆனால் எனக்குப் போதும்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் கணவர் வாய் திறந்தார்.

"பொத்தான் அமத்தினால் எழும்புற காரை விட்டிட்டு, இந்தக் கிலுகிலுப்பையையோ வாங்கப் போறீர்?"

"அந்தக் கார் பற்றரியை நம்பி நிக்குது. எங்கட கொலனியில கரண்ட் இல்லை. பற்றரி இறங்கினால் கிளிநொச்சிக்கு அனுப்பிச் சார்ஜ் பண்ணி எடுக்க ரெண்டு நாள். அதுவரைக்கும் தள்ளுறதுக்கு வாய்க்கால் கரையில ஆரைத் தேடுறது?"

"அவன் நாங்கள் வரமுன்னம் சூடாக்கி வைச்சான் எண்டு அந்தக் காரில என்ன பிழை?"

"காரில பிழையோ இல்லையோ எனக்குத் தெரியாது. காலமை எழும்பும் எண்டு அந்த முதலாளிக்கே நம்பிக்கை இல்லை. பிறகு எனக்கு எப்பிடி வரும்?"

 மாங்குளம் தாண்டியபிறகு அவர், "கண்ணாடியையாவது திருத்தித் தரச் சொல்லும்" என்றார்.

கார் வந்தது. நீர்ப்பாசனப் பகுதி லொறிச் சாரதி ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கார் ஓடப் பழக்கினார். ஆடியில் லைசென்ஸ் எடுத்தேன். வீட்டு முற்றத்தில் கிடுகால் ஒரு கொட்டில் போட்டு, அதற்குள் காரை விட்டோம். ஒவ்வொரு நாளும் காலையில் ஒருதரம் ஹான்டில் போட்டு எழுப்பி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவேன். அது தவறியதே இல்லை.

ஆனால் ஒருவரும் ஏறவில்லை.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நாலு மாதம் அப்படிப் போனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நான் சொன்னால், வீட்டுக்காரர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுச் சந்திக்கு ஆள் அனுப்பிக் காருக்குக் காத்திருப்பார்கள். "மிஸ்ஸிக்கு ஏன் கரைச்சல்" என்பார்கள். பிள்ளை பெறுவிக்க என்னை நம்பினார்கள். ஸ்ரியறிங் பிடிக்க நம்பவில்லை. எனக்குக் கோபம் வந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். கோபத்தைவிட வெட்கம்தான் கூட. கார் கொட்டிலில் நின்றது. கோழிகள் அதன் கீழே முட்டை இட்டன. என் கணவர் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. அதற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஒருநாள் காலை பத்து மணிபோல, மூன்றாம் வாய்க்கால் வீடொன்றிலிருந்து அழைப்பு. தலைப்பிள்ளை. போய்ப் பார்த்தபோது பிள்ளையின் கைதான் முதலில் வந்திருந்தது. அதை வீட்டில் வைத்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது. சைக்கிளில் திரும்பிப் போய்க் காரை எடுத்துக்கொண்டு வந்தேன்.

மாமியார்க்காரி வாசலை மறித்துக்கொண்டு நின்றா. ஐம்பத்தைந்து வயதிருக்கும், உரத்த குரல்.

"பொம்பிளை ஓடுற காரில என்ர மருமகளை ஏத்தமாட்டன். மகன் காருக்குச் சந்திக்குப் போட்டான். கார் வரும்."

"அம்மா, அது வர நேரமெடுக்கும். பிள்ளை குறுக்கை கிடக்குது."

"வாய்க்காலுக்குள்ள விட்டால் ஆர் பொறுப்பு?"

உள்ளேயிருந்து மருமகளின் குரல் வந்தது. அவளை நான் அதுவரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசிக் கேட்டதில்லை.

"மாமி, நான் போறன். நீங்கள் விருப்பம் எண்டால் வாங்கோ. இல்லாட்டி நில்லுங்கோ."

சுவரைப் பிடித்துக்கொண்டு அவளே எழும்பி வந்தாள். மாமியார் ஒரு கணம் அவளைப் பார்த்தா. பிறகு குடையை எடுத்துக்கொண்டு, முணுமுணுத்தபடி பின்னால் ஏறி மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டா.

பெரிய றோட்டுக்கு ஒரு மைல் முன்னால் வாய்க்கால் கரை உடைந்து தண்ணீர் றோட்டைக் கடந்து பாய்ந்துகொண்டிருந்தது. கணுக்காலுக்கு மேல் இருக்கும். நான் பயத்தில் வேகமாக விட்டேன். அது என் பிழை. தண்ணீர் எகிறி எஞ்சினில் அடித்தது. கார் நடுத் தண்ணீரில் நின்றது.

 

இறங்கி எஞ்சின் மூடியைத் திறந்தேன். வயர்கள் வந்து சேரும் கறுப்பு மூடிக்குள் ஈரம் போனால் எஞ்சின் எழும்பாது என்று லொறிச் சாரதி காட்டித் தந்திருந்தார். துடைக்க வேண்டும். ஆனால் மழை துடைக்கத் துடைக்க விழுந்தது. என் சேலை முழுக்க நனைந்திருந்தது. அப்போது தண்ணீருக்குள் யாரோ இறங்கும் சத்தம். மாமியார். குடையை எஞ்சினுக்கு மேலே விரித்துப் பிடித்தா. இடுப்பிலிருந்து பிள்ளைக்கென்று கொண்டுவந்த பழந்துணி ஒன்றை உருவித் தந்தா.

"இது காஞ்ச துணி. துடை" என்றா.

துடைத்தேன். கறுப்பு மூடியைப் பூட்டினேன். ஹான்டிலைப் போட்டுச் சுற்றினேன். முதல்தரம் இல்லை. இரண்டாம் தரம் இல்லை. மருமகள் உள்ளே கத்தினாள். மூன்றாம் தரம் கார் இருமிக்கொண்டு எழும்பியது. நான் ஓடிப்போய் ஏறினேன். மாமியார் குடையை மடக்காமலே ஏறினா.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பிள்ளையைத் திருப்பி எடுத்தார். ஆண்பிள்ளை. ஒரு கை நீலம் பாய்ந்திருந்தது. ஒரு கிழமையில் சரியாகிவிட்டது. நான் வெளியே மரவாங்கில் உட்கார்ந்திருந்தேன்.   மாமியார் எனக்கு எதிரே இருந்து சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தா. நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த மாதம் மூன்று பேர் ஏறினார்கள். அதற்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். தைக்குப் பிறகு ஒருநாள் அந்த மாமியார் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தா. கையில் ஒரு பூசணிக்காய்.

"மிஸ்ஸி, வவுனியாவில என்ர தங்கச்சி வீட்டில கலியாணம். எங்களை ஒருக்கால் கொண்டுபோய் விடுவியளோ?"

இது நோயாளிக்கான கார் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். என் கணவர் குசினிப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "போட்டு வாரும்" என்றார்.

கலியாணத்துக்கு முதல்நாள் காலையில் காரோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மகனும் மருமகளும் பிள்ளையும் பின்னால் ஏறினார்கள். மாமியார் ஏறவில்லை. முன்கதவடியில் நின்றுகொண்டு சொன்னா:

"நான் முன்னுக்கு இருக்கப்போறன். றோட்டு எப்பிடி வருது எண்டு பாக்கவேணும்."