என் மண்டையில் அவர் விரல்

என் தலையில், உச்சிக்கு இடப்பக்கம், ஒரு பள்ளம் இருக்கிறது. கட்டைவிரல் உட்காரும் அளவு. அதற்குக் காரணமானவரை நான் மன்னிக்கவில்லை.

அவர் எங்கள் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தின கரியை அள்ளிப் போடுவது என் வேலை. வெளியாட்கள் சுற்றிப் பார்க்க வந்தால், ஹெல்மெட் பற்றாதபோது, எங்களிடமிருந்து வாங்கி அவர்களுக்குக் கொடுப்பார்கள். அன்றைக்கு என்னுடையதைக் கேட்டார்.

"தலை காலியா நிக்கச் சொல்றீங்களே சார்" என்றேன்.

"உள்ளயும் காலிதானடா. குடு, அவங்க போனதும் தரேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கொடுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ஒரு போல்ட் கழன்று விழுந்தது.

ஆஸ்பத்திரியில் அவரே முந்திக்கொண்டார். "வூட்டு மாடிப்படியில உருண்டுட்டான் டாக்டர்." என் வீடு மந்தாரக்குப்பத்தில் ஷீட் போட்ட ஒற்றை அறை. டாக்டர் அதையே சீட்டில் எழுதிக்கொண்டார்.

டாக்டர் மேசை மேலிருந்த பிளாஸ்டிக் மண்டையோட்டை எடுத்துக் காட்டினார். "இது ஒரே ஓடு இல்லப்பா. நெத்திக்கு ஒண்ணு, உச்சிக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, பிடரிக்கு ஒண்ணு, காதோரம் ரெண்டு. ரம்பப் பல்லு மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்திருக்கும். தாடை மட்டும்தான் தனியா அசையும். உனக்கு உச்சி எலும்பு அமுங்கியிருக்கு. இதே அடி நெத்திப்பொட்டுல பட்டிருந்தா? அங்க எலும்பு ரொம்ப மெல்லிசு, உள்பக்கமா ரத்தக்குழாய் ஓடுது. போயிருப்பே."

சூப்பர்வைசர் தன் பொட்டைத் தடவிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

அதன்பிறகு எனக்குத் தலைசுற்றல். வீட்டில் விழுந்தவனுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இப்போது பண்ருட்டியில் முந்திரி மூட்டை தைக்கிறேன்.

போன மாதம் சூப்பர்வைசருக்கு வழியனுப்பு விழா. பழைய ஆட்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் பார்த்த வேலையில் ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று மைக்கில் சொன்னார்கள். கை தட்டினார்கள். முன்வரிசையில் அவர் மனைவியும் மகளும் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

சால்வை போடும் வரிசையில் நானும் நின்றேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால் சால்வையைப் போட்டுவிட்டு, தலையைக் குனிந்து, அவருடைய வலது கையைப் பிடித்தேன். ஆசீர்வாதம் வாங்குகிறேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். கட்டைவிரலை இழுத்துப் பள்ளத்தில் வைத்து அழுத்தினேன். உதறப் பார்த்தார். விடவில்லை.

"ஹெல்மெட்டு எங்க சார்?" என்றேன். மைக் பக்கத்தில்தான் இருந்தது.

அவர் தாடை மட்டும் அசைந்தது. கீழேயிருந்து மகள் கேட்டாள்: "யாருப்பா அவரு? எந்த ஹெல்மெட்டு?"

கையை விட்டுவிட்டு இறங்கி வந்தேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. பண்ருட்டிக்குப் பஸ் ஏறினேன். மனசு குளிர்ந்திருந்தது. மகளுக்கு அவர் என்ன பதில் சொன்னாரோ தெரியாது. அவர் சாகிறவரைக்கும் அவள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.