ஆழியாறு தாண்டாத கிரைண்டர்

"பார்சல் மூணு நாளா பொள்ளாச்சியிலயே நிக்குதுன்னு காட்டுதுப்பா" என்று நேற்று செல்போனைக் காட்டிச் சலித்துக்கொண்டீர்கள். குறைந்த கூலிக்குச் சாமான் அனுப்பினால் அன்றைக்கும் இப்படித்தான். உங்கள் அம்மாவுக்கு முதல் கிரைண்டர் வந்த விதத்தை எழுதிவைக்கிறேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் வால்பாறையில் எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தோம். எனக்கு டீ ஃபேக்டரியில் வேலை. அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் பிறந்த பிறகு முழங்கால் வலி பிடித்துக்கொண்டு, சரிவில் நிற்க முடியாமல் வேலையை விட்டுவிட்டாள். வீட்டில் சும்மா இருப்பது அவளுக்கு ஒத்துவரவில்லை. அந்தச் சமயத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்காரர் ஒரு வழி சொன்னார்.

"தை பொறந்தா எனக்குத் தெனமும் இட்லி மாவு வேணுமுங்க. நீங்க ஆட்டிக் குடுத்தா உங்ககிட்டயே வாங்கிக்கறேன். முடியாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க, கேக்கறதுக்கு வேற ஆளு இருக்குது."

அம்மா யோசிக்காமல் ஒப்புக்கொண்டாள். ஆனால் ஒரு மெஸ்ஸுக்கு வேண்டிய மாவை ஆட்டாங்கல்லில் ஆட்டி முடியுமா? வாரப் பத்திரிகையில் விளம்பரம் பார்த்து, கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு பேங்க் டிராஃப்ட் எடுத்து அனுப்பினேன். வேனில் கொண்டுவந்து வீட்டிலேயே இறக்கவா, பார்சல் லாரியில் போடவா என்று கேட்டு எழுதினார்கள். லாரிக்குக் கூலி குறைவு. லாரியிலேயே போடுங்கள் என்று எழுதிவிட்டேன். மார்கழி பிறந்ததும் லாரி ரசீது தபாலில் வந்தது. கிரைண்டர் வரவில்லை.

பஜாரில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து, மலைக்கு வரும் சாமானெல்லாம் வண்டி மாறும் பொள்ளாச்சி லாரி ஆபீசுக்குப் போன் போட்டேன். ஒரு குமாஸ்தா எடுத்தார்.

"ஏனுங்க, நம்ம கிரைண்டர் எங்கீங்க இருக்குது?"

"வந்துட்டே இருக்குதுங்க. கிணத்துக்கடவு தாண்டியிருக்குமுங்க."

அடுத்த தடவை கேட்டபோது, "ஆழியாறு செக்போஸ்ட்டுல நிக்குதுங்க, இன்னைக்கு மலை ஏறிருமுங்க. மேல குளிருங்களா?" என்றார். பயங்கரக் குளிர் என்றேன். குழந்தை சௌக்கியமா என்று விசாரித்தார். அவருடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. அதை நான் விசாரித்தேன். போனை வைத்துவிட்டுப் பாதி வழி வந்த பிறகுதான், எப்போது வரும் என்று கேட்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில், நம்பிக் கேட்கிறவரிடம் "தெரியலீங்க" என்று சொல்ல யாருக்கும் சட்டென்று வாய் வராது. ஏதாவது ஓர் ஊர்ப் பெயரைச் சொன்னால் கேட்டவருக்கு ஓர் ஆறுதல். அதைக் கிண்டிக் கேட்க எனக்கும் வாய் வராது. இப்படி ஒவ்வொரு போனிலும் கிரைண்டர் கிணத்துக்கடவுக்கும் ஆழியாறுக்கும் நடுவே போய்ப் போய் வந்தது.

பக்கத்து வீட்டு அக்கா அம்மாவைக் கேட்டாள். "என்ன அம்மணி, உங்க கிரைண்டரு நடந்தே வருதாக்கு?"

அம்மா சிரித்தாள். ஆனால் உள்ளே வந்ததும், "ஏனுங்க, தை பொறக்கப் போவுது. நாளைக்குப் போன் பேச நானும் வாரேன்" என்றாள்.

மறுநாள் இடுப்பில் குழந்தையோடு வந்து ரிசீவரைத் தானே வாங்கிக்கொண்டாள்.

"அண்ணா, வால்பாறையில கிரைண்டருக்குச் சொல்லியிருக்கறவரு ஊட்டுல இருந்து பேசறனுங்க."

"சொல்லுங்க அம்மணி. ஆழியாறுல…"

"ஆழியாறு கெடக்கட்டுங்கண்ணா. நீங்க அதைக் கண்ணுல பாத்தீங்களா?"

அவர் பேசுவது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"பாக்கலீங்க."

"கொடோனுக்குள்ள ஒருக்கா பாத்துப்போட்டு வாங்க. நான் போனை வெக்கலீங்க."

மீட்டர் ஓடியது. நான் பூத்துக்காரரைப் பார்த்துச் சிரித்துவைத்தேன். அம்மா ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தவர் குரலில் எங்களைவிடச் சந்தோஷம் அதிகம்.

"அம்மணி, இங்கயேதானுங்க இருக்குது. சிமெண்டு ஷீட்டுக்குப் பொறத்தால. மலைக்கு லோடு சேந்தாத்தானுங்க வண்டி ஏறும்."

"எப்பங்க சேரும்?"

"அதுங்க, சேந்துட்டே…"

"அண்ணா."

"தெரியலீங்க அம்மணி."

"அது போதுமுங்கண்ணா" என்றாள் அம்மா. "சாயங்காலப் பஸ்ஸுல மேல ஏத்தி உட்டுருங்க. பஸ் கூலி நாங்க இங்க குடுத்துக்கறோம்."

"நானே நின்னு ஏத்தி உடறனுங்க."

ஏற்றிவிட்டார். கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் கடந்து பஸ் வந்து நின்றது. "யாருதுங்க இந்தக் கல்லு? டாப்பு கீழ எறங்கிரும்போல" என்றார் கண்டக்டர். ஃபேக்டரி ஆட்கள் சேர்ந்து இறக்கினார்கள். அதைச் சுற்றி அடித்திருந்த மரச்சட்டத்தின் மேல் சாக்பீஸில், "மெதுவா எறக்குங்க" என்று எழுதியிருந்தது.

கிரைண்டர் வந்துவிட்டாலும் அம்மாவுக்குப் பாதிக் கவலைதான் தீர்ந்தது. மார்கழிக் குளிரில் வால்பாறையில் மாவு லேசில் பொங்காது. பொங்காத மாவை மெஸ்காரர் எடுக்க மாட்டார். முதன்முதலாக ஆட்டிய மாவை அடுப்போரம் வைத்து, என் கம்பளியைச் சுற்றிக் கட்டினாள். ராத்திரி ஷிஃப்டுக்கு நான் கம்பளி இல்லாமல்தான் போனேன். வேலை முடிந்து காலையில் வந்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது.

குண்டாவை நான் தூக்கிக்கொண்டேன். அவள் குழந்தையை எடுத்துக்கொண்டாள். மெஸ்காரர் ஒரு ஈடு ஊற்றினார். வேகும்வரை அம்மா உட்காரவில்லை. அவர் ஓர் இட்லியைப் பிட்டு, சட்னி தொடாமல் தின்றார். இன்னொன்றும் தின்றார்.

"தை வரைக்கும் எதுக்குங்க, நாளைக்கே ரெண்டு குண்டாவாக் கொண்டாந்துருங்க" என்றார்.

"சரிங்க" என்று மட்டும் சொன்னாள் அம்மா. திரும்பும்போது பஜாரில் உளுந்து வாங்கினோம். எடை போடும்போது கடைக்காரரிடம், "தெனமும் வருவனுங்க, நல்லதாப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.