அவள் செய்த கலண்டர்

கண்டியில் ஒரு சின்னக் கம்பெனியில் நானும் அவளும் இரண்டு வருஷம் இணையத்தளங்கள் செய்தோம். நான் புசல்லாவையிலிருந்து பஸ்ஸில் வருவேன், அவள் அக்குறணையிலிருந்து. கம்பெனியை மூடியபோது இருவருக்கும் ஒரே நாளில் வேலை போனது.

மூன்று மாதம் கழித்து, பேராதனைப் பக்கம் ஓரிடத்தில் என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். முன்பு செய்த வேலை ஒன்றைத் திரையில் காட்டி விளக்க வேண்டும். ஒரு விடுதிக்கு நாங்கள் செய்த தளத்தைக் கொண்டுபோனேன். பக்கங்கள், படங்கள், போனில் திறந்தாலும் சிதறாத அமைப்பு எல்லாம் என் வேலை. அறை பதிவுசெய்யும் கலண்டர் மட்டும் அவளுடையது.

கேள்வி கேட்டவர் என் பக்கங்களை வேகமாகத் தள்ளிக்கொண்டே போய்க் கலண்டரில் நின்றார்.

"ஒரே அறையை ரெண்டு பேர் ஒரே நேரத்துல கேட்டா என்னாகும்?"

எனக்குப் பதில் தெரியும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் பேப்பரில் கோடு போட்டுக் காட்டியிருந்தாள். அதை அப்படியே ஒப்பித்தேன்.

"இது நீங்க செஞ்சதா?"

"ஆமா சேர்."

அன்று பின்னேரம் அவளிடமிருந்து போன் வந்தது. அதே இடத்தில் அவளுக்கும் வியாழக்கிழமை இன்டர்வியூவாம். குரலில் அவ்வளவு சந்தோஷம். "அந்தக் கலண்டரத்தான் காட்டப் போறேன்" என்றாள்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவளைச் சந்தித்து நடந்ததைச் சொன்னேன்.

"நான் அதக் காட்டினா நீங்க பொய் சொன்னது தெரிஞ்சிடும், என்ன?"

"நான் அவங்களுக்கு ஈமெயில் போட்டு உண்மையச் சொல்லிடுறேன்."

"வேணாம். ஒங்க வீட்ல ஒங்களத்தானே நம்பி இருக்காங்க. நான் வேற ஒண்டக் காட்டுறேன்."

அப்போது நான் மறுத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறினேன்.

அவள் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் செய்த சின்னத் தளத்தைக் காட்டினாள். வேலை எனக்குக் கிடைத்தது. சேர்ந்த முதல் வாரமே, அதே மாதிரி ஒரு கலண்டர் செய்யும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். இரண்டு நாள் தடுமாறிவிட்டு அவளுக்குத்தான் போன் எடுத்தேன். ஒரு மணித்தியாலம் பொறுமையாகச் சொல்லித் தந்தாள்.

எட்டு மாதம் கழித்து, தாங்க முடியாமல், என்னைக் கேள்வி கேட்ட அந்த சேரிடமே போய் உண்மையைச் சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்டர்வியூல எல்லாரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாங்க. இப்ப உங்களுக்குச் செய்யத் தெரியும்தானே?"

"அவங்கள ஒருதரம் கூப்பிடலாமா சேர்?"

"இப்ப ஆள் எடுக்கல."

அதற்குள் அவள் நானா என்று அவள் கூப்பிடும் அண்ணனின் கடையில் பில் போடப் போயிருந்தாள். போனில் இதைச் சொன்னதும் பதறினாள். "ஏன் சொன்னீங்க? ஒங்கட வேல போயிருந்தா?"

அதற்குப் பிறகு நான் அவளுக்கு அதிகம் போன் எடுப்பதில்லை.