உபவாச நாளில் வைத்த சாம்பார்

கேன்டீன் வேலையில் சாம்பார் வாய்த்துவிட்டால் பருப்பு நல்ல பருப்பு. வாய்க்காவிட்டால் சமைத்தவள் மோசமானவள். இதை எனக்கு முதலில் சொன்னவர் காய் நறுக்கும் தனலட்சுமி அக்கா. எண்பதுகளின் தொடக்கத்தில், மறைமலை நகரில் ஒரு கம்பெனி கேன்டீனில் நான் டெம்பரவரியாகச் சேர்ந்த அன்றே சொன்னார். முந்நூறு பேருக்கு உலை வைத்த சகோதரிகள் யாராவது இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். என் பிள்ளைகளிடம்கூட முழுசாகச் சொல்லாத சில சங்கதிகளை உங்களுக்கு எழுதுகிறேன்.

வசன அட்டை

எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுப்போம். அதில் இருக்கிற வசனம் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குத் தரும் வாக்கு. ஒரு வருஷம் எனக்கு வந்தது, தாழ்ந்திருக்கிறவர்களை அவர் உயர்த்துவதைப் பற்றிய வசனம். கேன்டீனில் தலைமைச் சமையல்காரர் ஈஸ்டர் கழிந்ததும் ஓய்வு பெறப் போகிறார். அந்த இடத்துக்கு வருகிறவர் பெயர் நிரந்தர ஆளாகக் கம்பெனி ரோலில் ஏறும். ஏறினால் என் வீட்டுக்காரருடைய மூச்சிழுப்புக்குக் கம்பெனி டாக்டர் மருந்து கொடுப்பார். எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அட்டையைச் சோற்றுப் பசை தடவி கேன்டீன் அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டினேன். "உம்முடைய சித்தம் ஆகட்டும்" என்று தினமும் ஜெபித்தேன். அந்தச் சித்தம் எதுவென்பதையும் ஆண்டவருக்கு நானே எடுத்துச் சொன்னேன். பெருமாள் கோவிலுக்குப் போகிற தனலட்சுமி அக்கா அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்: "இன்னா எஸ்தரு, இதுல உன் பேரும் இல்ல, கேன்டீன் பேரும் இல்ல. சாமி உன்கிட்ட தனியா வந்து சொல்லிச்சா?"

கடல் வந்த மதியம்

தலைமைச் சமையல் இடத்துக்குப் போட்டியாக நின்ற இன்னொருத்தி சகாயமேரி. தூத்துக்குடிப் பக்கத்து ஆர்.சி. குடும்பம், புருஷன் இல்லை, ஒரு மகள். என்னைவிட இரண்டு வருஷம் பின்னால் சேர்ந்தவள். சூப்பர்வைசர் ரத்தினம் சார் எங்களுக்கு ஆளுக்கு ஒரு வாரம் சாம்பார் வைக்கக் கொடுத்தார். என் வாரம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் விழுந்தது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை, இந்த வேலைக்காகவே உபவாசம் இருந்தேன். சாயங்காலம்வரை வாயில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது. அப்படியென்றால் சாம்பாரை ருசி பார்க்கவும் கூடாது. பரீட்சை நாளில் தன் நாக்கைத் தானே கட்டிப்போட்ட சமையல்காரி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சகாயமேரி கரண்டியோடு வந்தாள். "ஏக்கா, நான் பாக்கட்டுமா? எங்களுக்கும் தவக்காலந்தான். நாக்குல வச்சுத் துப்பிட்டா விரதம் முறியாது." போட்டிக்கு நிற்கிறவளிடமா உப்புப் பார்க்கக் கொடுப்பது? வேண்டாம் என்று தலையசைத்தேன். மனசுக்குள் ஜெபித்துக்கொண்டே அண்டாவில் உப்புப் போட்டேன். ஜெபத்தின் நடுவில், போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தது. இன்னொரு தடவை போட்டேன். முதல் பந்தியில் உட்கார்ந்த வெல்டர் கபாலி ஒரு வாய் வைத்துவிட்டு, ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "மாவலிபுரத்துக்கு இன்னாத்துக்குப் பஸ் ஏறிக்கினு போறது? கடலு இங்கயே கீதே!"

உப்பில் பாதி

சகாயமேரி ரசத்துக்கு எடுத்து வைத்திருந்த உப்பில்லாத பருப்புப் பாத்திரத்தை இழுத்து அண்டாவில் கவிழ்த்தாள், புளி கரைத்து ஊற்றினாள், உருளைக்கிழங்கை நாலாக வெட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டாள். இரண்டாம் பந்திக்குச் சாம்பார் சாம்பாராகிவிட்டது. அதற்குள் ரத்தினம் சார் வந்து, யார் உப்புப் போட்டது என்று கத்தினார். "அக்காவும் போட்டாவ, தெரியாம நானும் போட்டுட்டேன் சார்" என்றாள் சகாயமேரி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பார்த்தவர்கள் அதைத் தாழ்மை என்று நினைத்திருப்பார்கள்.

சாயங்காலம் சார் கூப்பிட்டனுப்பினார். "ரெண்டு பேரு மேலயும் தப்பு கீது. அப்போ சர்வீஸைத்தான் பாக்கணும். நீ ரெண்டு வருஷம் சீனியர். உன் பேரை எழுதிட்டேன், போ."

நெசம்

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் மூச்சு வாங்க வாங்க முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எல்லோரும் சேர்ந்து ஜெபித்தபோது, உம்முடைய சித்தம் என்ற இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். அன்றைக்குப் பாதி ஜெபம்தான் செய்தேன்.

திங்கட்கிழமை முதல் வேலையாக ரத்தினம் சார் முன்னால் போய் நின்றேன். "இரண்டு தடவையும் உப்புப் போட்டது நான்தான் சார். சகாயமேரி ருசி பார்க்க வந்தாள், நான்தான் விடவில்லை." அப்போதும் உள்ளே ஒரு பேரம் ஓடிக்கொண்டிருந்ததை மறைக்கமாட்டேன். உண்மையைச் சொல்லிவிட்டேன், இனி ஆண்டவர் இவர் மனசை இளக்கி வேலையை எனக்கே தருவார் என்று நம்பினேன். சார் பென்சிலை எடுத்து என் பெயரின் குறுக்கே ஒரு கோடு போட்டார். "நெசத்தைச் சொன்னதுக்கு சந்தோஷம்மா. ஆனா முந்நூறு பேரு நெசத்தைத் தொட்டுக்கினா சோறு துன்னுவாங்க? சகாயமே இருக்கட்டும்."

அண்டா கழுவும் இடம்

பாவத்தை அறிக்கையிட்டால் சமாதானம் வரும் என்று கேட்டிருக்கிறேன். எனக்கு முதலில் வந்தது பெரிய அண்டா, கழுவுவதற்கு. என்னைவிட இளையவளிடம் "இன்றைக்கு என்ன வைக்கட்டும்?" என்று தினம் கேட்க வேண்டும். முதல் மாதம் அந்தக் கேள்வி முள்போல வந்தது. பிறகு வெறும் கேள்வியாக வந்தது. எந்த நாளில் மாறியது என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயில் ஏறி, செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் வரிசையில் நின்று மாத்திரை வாங்கிவந்தார். இன்றும் இருக்கிறார்.

ஒருநாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது சகாயமேரியிடம் கேட்டேவிட்டேன், அன்றைக்கு என் தப்பில் பாதியை ஏன் உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்று. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்க அன்னைக்குப் பட்டினில்லாக்கா. பட்டினி கெடக்கவள ஒத்தையில ஏச்சு வாங்க விடலாமா?"

ஆண்டவருக்கே நான் யோசனை சொல்லிக் கேட்ட அந்த வேலை சகாயமேரிக்குப் போயிற்று, அதே அடுப்படியில் நின்று நின்று வந்த முழங்கால் வலியும் அவளுக்கே போயிற்று. உங்கள் ஜெபத்தில் அவள் பெயரையும் ஒரு தடவை சொல்லுங்கள்.