பள்ளம் தெரியும் பெஞ்சு

அலுவலகம் ஒன்றில் பதினோரு வருடம் கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருந்த வைஜெயந்தி, திடீரென்று வேலையை விட்டுவிட்டு தீவின் லம்பா லைன் பகுதியில் மரப்பட்டறை திறந்தாள். ஏன் என்று கேட்டால், நேர்க்கோடு போட்டுப் போட்டுக் கை நமநமத்தது, அவ்வளவுதான்.

வண்டூர் கடற்கரையில் விடுதி நடத்தும் நூர்முகம்மது வாசலுக்கு வித்தியாசமாக ஒரு பெஞ்சு கேட்டார். சிவந்த படாக் மரத்துண்டுகளையும் வெளிறிய மரத்துண்டுகளையும் கட்டம் கட்டமாக ஒட்டி, நடுவை நோக்கிக் கட்டங்களைச் சிறிதாக்கி இழைத்தாள். தொட்டால் சமதளம். பார்த்தால் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம்.

வந்தவர்கள் எல்லாரும் படம் எடுத்தார்கள். யாரும் உட்காரவில்லை.

நாலாம் நாள் வைஜெயந்தி அங்கே போனபோது, சௌல்தாரி கிராமத்திலிருந்து காய்கறி கொண்டுவரும் சொர்ணம்மா முழங்காலைப் பிடித்தபடி பெஞ்சருகே நின்றிருந்தாள்.

"உக்காருங்கம்மா, அது வெறும் பலகைதான்."

"கைவச்சுப் பார்த்துட்டேன். ஆனாலும் மனசு ஒப்பலையே தாயி."

அதன்பின் வைஜெயந்திக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் பஸ் பிடித்து வண்டூர் போய்ப் பெஞ்சைச் சுற்றிச்சுற்றி வந்தாள். கடைசியில் வண்டியோடு போய் அதைத் தூக்கினாள்.

"சோடோ, விட்டுடும்மா. டூரிஸ்டுங்களுக்குப் பிடிச்சிருக்கே," என்றார் நூர்முகம்மது.

"உக்காராத பெஞ்சு எதுக்கு பாய்?"

விடுதியின் கேட் மேட்டில் இருந்தது. அங்கிருந்து பெஞ்சு இருந்த இடத்துக்கு நூல் கட்டி, பார்வை விழும் கோணத்தை அளந்தாள். அந்தக் கோணத்தில் மட்டும் பள்ளம் தெரிய வேண்டும். இரண்டு பலகை வீணாயின. மூன்றாவதில் கட்டங்கள் அவள் சொன்னபடி கேட்டன.

புதுப் பெஞ்சு வந்த அன்று சொர்ணம்மா கேட்டிலேயே தயங்கி நின்றாள். பிறகு இறங்கி வந்தாள். பத்தடி வருவதற்குள் பள்ளம் தட்டையாகி, வெறும் கோடுகளாக நீண்டு கிடந்தது.

"அடி ஆத்தி! தள்ளி நின்னா குழி, கிட்ட வந்தா பாய் விரிச்சாப்ல இருக்கு!"

கூடையை இறக்கி, உட்கார்ந்து, காலை நீட்டிச் சிரித்தாள். "நீயும் உக்காரு தாயி. நின்னுக்கிட்டே இருக்கியே."

வைஜெயந்தி உட்கார்ந்தாள். நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் இடது ஓரத்தில் ஒரு கட்டம் மயிரிழை விலகியிருப்பதுபோல் பட்டது. ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. எழுந்து, அதைச் சரிபார்க்க மேட்டை நோக்கி நடந்தாள்.